மடைத்தூண் தெரியும் காட்சி

அந்த நாற்காலியில் வேண்டாம், மகளே. அதற்கு ஒரு கால் குட்டை, ஆடும். ஆடுகிற எதன்மீதும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இப்படி, ஜன்னல் ஓரம் இருக்கிற ஸ்டூலில் உட்கார். தண்ணீர் தரட்டுமா? வேண்டாமா? சரி, வேண்டும்போது கேள்.

நீ மாடத்தி. கொம்பையாவின் மனைவி. நீ சொல்லாமலே தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்திருக்கிறேன். நாளைக்குக் கோர்ட்டில் வாய்தா. நேரில் பார்த்த சாட்சி இல்லாவிட்டால் கேஸ் நிற்காது, அடித்தவர்கள் வெளியே வந்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் அன்றைக்கு நான் குளத்தங்கரையில் எடுத்த கேசட்டைக் கேட்டு வந்திருக்கிறாய். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? கேசட் அதோ, டி.வி. பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். தருகிறேன். ஆனால் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை முழுவதும் தெரிந்துகொண்டு வாங்கிப் போ. பாதி தெரிந்துகொண்டு எழுந்து ஓடுகிறவர்களை என் வகுப்பிலேயே நான் அனுமதித்ததில்லை. ஆயுளில் பாதிக்குமேல் பூகோளம் கற்பித்தவள் நான்.

அந்த வீடியோ கேமராவை என் அக்காள் மகன் மஸ்கட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்தான். "சித்தி, ரிட்டையர் ஆயிட்டிய. சும்மா சுவரப் பாத்துக்கிட்டு இருந்தா கண்ணும் போகும், மனசும் போகும். இத வச்சு எதையாவது எடுங்க" என்றான். எதையாவது எடுப்பது என் சுபாவமில்லை. கல்யாணமும் காதுகுத்தும் எடுக்க ஊரில் ஆள் இருக்கிறது. நான் மலையையும் நீரையும் பறவையையும் எடுப்பது என்று தீர்மானித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டியவற்றை ஒருமுறையாவது உள்ளபடி காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

கற்றுக்கொடுத்தவன் ஸ்டுடியோ கோயில்பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிறானே, அவன்தான். நான் முதலில் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"என்ன டீச்சர், ஒரு பருந்தப் புடிக்கணும்னு வானம் பூரா ஓடியிருக்கிய. பாக்கவனுக்கு வாந்தி வந்துரும் டீச்சர். பஸ்ஸு கவுந்த மாதிரில்லா இருக்கு!"

சிரித்து முடித்தபின் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தான். கேமராவை முக்காலியில் ஊன்றி வை. ஒரு காட்சியை எடுக்கத் தொடங்கினால் மனதுக்குள் பத்து எண்ணுகிறவரை நிறுத்தாதே. குறுக்கே எது நடந்தாலும் கேமராவை அதன் பின்னால் ஓடவிடாதே. "தாலி கட்டுத நேரத்துல மாப்பிள்ளையே மயங்கி விழுந்தாலும் நான் அசைக்க மாட்டேன் டீச்சர். அவன் விழுந்தது படத்துல இருக்கும். நான் பதறுனது இருக்காது." இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருவர் விதி சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொன்னான். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். ஒருமுறை அழுத்தினால் பதியும். மறுமுறை அழுத்தினால் நிற்கும். இரண்டுக்கும் ஒரே பொத்தான். அதனால் கண் வைத்துப் பார்க்கிற குழிக்குள் ஓரத்தில் தெரிகிற எழுத்தைக் கவனிக்க வேண்டும், அதுதான் பதிகிறதா நிற்கிறதா என்று சொல்லும் என்றான். கண்ணாடியோடு அந்தக் குழிக்குள் பார்க்க முடியாது, மகளே. கண்ணாடியைக் கழற்றினால் அந்த எழுத்து எறும்பு மாதிரி ஊரும். எழுத்தா முக்கியம், காட்சிதான் முக்கியம் என்று விட்டுவிட்டேன். கேமராவின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கும் உண்டு, பதியும்போது எரியும். அதைக் கண்டதும் பிள்ளைகள் "எங்கள எடுங்க, எங்கள எடுங்க" என்று மொய்த்துவிடுகிறார்கள். ஒரு துண்டு கறுப்பு டேப்பை அதன்மேல் ஒட்டிவிட்டேன். அதன்பிறகு தொல்லை இல்லை.

எடுக்க எடுக்க எனக்கு ஒன்று விளங்கியது. இயற்கை, இயற்கை என்று காலண்டரில் போடுகிறார்களே, அது பொய். அழகு என்பது தூரத்தில் இருந்து பார்க்கிறவன் சொல்வது. நெடுநேரிக் குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரைக் கூடுகளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தாய் இரை தேடப் போயிருந்தது. ஒரு காகம் வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. குஞ்சு அதைத் தாய் என்று நினைத்து வாயைத் திறந்தது. காகம் முதலில் ஒரு கண்ணை எடுத்தது. பிறகு மறுகண்ணை. குஞ்சு அப்போதும் வாயைத் திறந்துகொண்டே இருந்தது. நான் பத்து எண்ணினேன். பிறகு இன்னொரு பத்து.

கல்லெடுத்து எறிந்திருக்கலாமே என்று கேட்பாய். கோயில்பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம்லா?" என்றான். எப்படிப் போடுவது? காகத்துக்கும் குஞ்சு இருக்கிறது. எடுக்கிறவர் குறுக்கே போனால் அது இயற்கை ஆகாது. எடுத்தவருடைய விருப்பம் ஆகிவிடும். ஊர் நாய்கள் சேர்ந்து ஒரு கூழைக்கடாவை உயிரோடு கிழித்ததையும் அப்படித்தான் எடுத்தேன். அதன் சிறகு நீளம் உனக்குத் தெரியுமா? ஒரு ஆள் கை இரண்டையும் விரித்தாலும் போதாது. அந்தச் சிறகை ஒரு நாய் இந்தப் பக்கமும் ஒரு நாய் அந்தப் பக்கமும் இழுத்தன. படம் அசையவே இல்லை. அன்றைக்குத்தான் கோயில்பிள்ளை, "தேறிட்டிய டீச்சர்" என்றான்; ஆனால் சிரிக்காமல் சொன்னான்.

உன் கணவனுக்கு வருகிறேன். அவசரப்படாதே.

கொம்பையாவை அதற்குமுன் எனக்குத் தெரியாது. அவன் என் பள்ளியில் படித்தவன் இல்லை. அந்த வருடம் நெடுநேரிக் குளத்தின் மீன் ஏலம் வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிருந்தது. பறவைகள் மீனைத் தின்கின்றன என்று அவருடைய ஆட்கள் தினமும் வெடி போட்டு விரட்டினார்கள். தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது. பறவை கூடு கட்டியிருக்கிற காலத்தில் அங்கே மேளம்கூட அடிப்பதில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் கணவன் மட்டும் போகவில்லை. பகலெல்லாம் மடைப்பக்கம் காவல் இருந்தான்.

சிரமம் என்னவென்றால், அந்தக் குளத்தில் நல்ல காட்சி அது ஒன்றுதான். கரையில் ஆலமரத்தடியில் முக்காலியைப் போட்டால், நடுவில் இரண்டு கல்தூண்களோடு பழைய மடை, அதன் பின்னால் நீர், நீருக்குள் கருவேல மரங்கள், அதற்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. கட்டம் போட்டு வரைந்ததுபோல் இருக்கும். அதில் இவன் தலை. தூணுக்கு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. கேமராவைப் பார்த்துக் கையாட்டுவான்.

"டீச்சரம்மா, நான் டிவில வருவனா? வேட்டிய மாத்திக் கட்டிக்கிட்டு வரட்டா?"

"நீ வராமல் இருந்தாலே போதும், கொம்பையா. தள்ளி உட்கார்" என்பேன்.

"அப்ப எம் பொண்டாட்டிக்கு எப்படிக் காட்டுவிய? அவ நம்ப மாட்டாள்லா, நான் வேலைக்குப் போறன்னு!"

சிரிக்கிறாயா, அழுகிறாயா? முகத்தைத் துடைத்துக்கொள். அந்தத் துண்டு சுத்தமானதுதான்.

நல்ல மனிதன்தான். குறை சொல்ல வரவில்லை. ஆனால் இடம் தெரிந்து உட்காரத் தெரியாது.

அவன் அடிபட்டதற்கு முந்தின நாள் அந்த ஆட்களுடைய வெடிச் சாக்கைப் பிடுங்கித் தண்ணீருக்குள் எறிந்துவிட்டான். நான் பார்க்கவில்லை, அவனே மறுநாள் காலையில் வந்து சொன்னான். வழக்கமான சிரிப்பு இல்லை. மடைத்தூணுக்குப் பின்னால், படிக்கட்டில், உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். உட்காருமுன் என்னிடம் வந்து, "டீச்சரம்மா, யாராவது கேட்டா நான் இங்க வரவே இல்லன்னு சொல்லிருங்க. மத்தியானம் ஊர்ல இருந்து ஆளு வாரேன்னு சொல்லிருக்காங்க. அதுவரைக்கும்தான்" என்றான்.

நான் சொன்னேன், "கொம்பையா, பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அறுபது வயதுக்குமேல் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. வேறு எங்காவது போய் உட்கார்." அவன் போகவில்லை. வேறு எங்கே போவது, இங்கிருந்தால்தானே மடையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றான். பிடிவாதக்காரன்.

அன்றைக்கு வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது, மகளே. மழை பெய்து ஓய்ந்த மறுநாள். மலையில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தி எடுப்பேன், பத்து எண்ணுவேன், அழுத்தி நிறுத்திக் கேமராவைக் கழற்றித் தோளில் தொங்கவிடுவேன்; முக்காலியில் விட்டுவைத்தால் காற்றுக்குச் சாய்ந்துவிடும். அவன் தலை தூணுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்தக் காட்சி போயிற்று. மறுபடி முதலிலிருந்து. காலை முழுக்க இப்படியே போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அப்போது இரண்டு பேர் கரைமேல் வந்தார்கள். ஆளுக்கொரு மூங்கில் கம்பு. வள்ளம் தள்ளுகிற கம்பு. நுனியில் இரும்புப் பூண் போட்டது. என் பழைய மாணவர்கள். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். அந்த மரியாதை இன்றைக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது? ஆட்கள் பேச வரும்போது கேமரா ஓடக் கூடாது. நான் பொத்தானை அழுத்தி நிறுத்திக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டேன். என் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒருவனுடைய தாயாருக்கு முழங்கால் வலி. அதைப்பற்றி நான் கேட்டேன். அவ்வளவுதான். இரண்டொரு வார்த்தை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு கேமராவை முக்காலியில் பொருத்தி, மறுபடி பொத்தானை அழுத்திப் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

என்ன? இல்லை, இல்லை. குறுக்கிடாமல் கேள்.

காட்சிக்குள் இடப்பக்கமிருந்து இரண்டு உருவங்கள் நுழைந்தன. அந்தக் குழிக்குள் எல்லாம் கறுப்பு வெள்ளை. கட்டைவிரல் நகம் அளவுதான். அவை நேரே தூணுக்குப் பின்னால் போயின. முதல் அடி முழங்கையில் விழுந்தது. காய்ந்த பனைமட்டையைக் காலில் வைத்து முறித்தால் ஒரு சத்தம் வரும், அது. அவன் எழுந்தான். எழுந்தவன் ஓடாமல் அந்தக் கையை இந்தக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தான், அது தன்னுடையதா என்று பார்ப்பதுபோல. நான் மூன்று எண்ணியிருந்தேன். இரண்டாவது அடி காதுக்கு மேலே. பூண் போட்ட நுனி. அவன் முழங்காலில் விழுந்தான். ஒருவன் அவன் முடியைப் பிடித்துத் தூணோடு வைத்தான். மற்றவன் காலை அகட்டி நின்றுகொண்டு, நெல் குத்துகிறவள் உலக்கையைப் பிடிப்பாளே, அப்படிக் கம்பை நெட்டுக்குத்தாகப் பிடித்து முகத்தில் குத்தினான். ஒருமுறை அல்ல. அப்போது அவன் அலறினான். அந்த அலறலுக்குத்தான் பறவைகள் எழுந்தன.

அதை எப்படிச் சொல்வது? குளத்தில் இருந்த அத்தனை பறவையும் ஒரே நேரத்தில். மலை மறைந்துவிட்டது. மரம் மறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய கூழைக்கடாக்கள், நாரைகள், அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று மோதாமல். அதன் கீழே அந்த இரண்டு தூண். ஒரு எடுப்பில் அப்படி ஒரு காட்சி கிடைக்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்! கேமராவை மேலே தூக்கக் கை துடித்தது. தூக்கவில்லை. எது நடந்தாலும் அசைக்கக் கூடாது. எண்ணிக்கொண்டே இருந்தேன். அவன் ஒருதடவை என் பக்கம் முகத்தைத் திருப்பினான், வாய் அசைந்தது. காற்று எதிர்ப்புறம் அடித்ததால் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அடி விழுகிற சத்தம் மட்டும் வந்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல் வந்தது.

முழுதாக எண்ணி முடித்துப் பொத்தானை அழுத்தி நிறுத்தி, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் இறங்கினேன். நான் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே யாரும் இல்லை. அவன் மட்டும் படிக்கட்டில் கிடந்தான். ஒரு கண் இருந்த இடத்தில் கண் இல்லை. மூச்சு குமிழ் குமிழாக வந்தது. ரோட்டில் போன பால் வண்டிக்காரரை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டவள் நான்தான். அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

போலீஸ் வந்தபோது சொன்னேன், "நான் வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை. எல்லாம் படத்தில் இருக்கிறது. மனிதக் கண் தப்பு செய்யும், இயந்திரம் செய்யாது." பெருமையாகத்தான் சொன்னேன். சாயங்காலம் டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். படத்துக்கான மஞ்சள் வயரை மட்டும்தான் செருகுவேன். சத்தத்துக்கான வெள்ளை வயரைச் செருகுவதில்லை. நிலக்காட்சிக்குச் சத்தம் எதற்கு? காற்று இரைச்சல், தலைவலி. பார்த்தால் புல். தலைகீழாக வானம். என் சேலைக் கரை. என் செருப்பு. மறுபடி புல். செம்மண். அடித்தது இல்லை, பறவை எழுந்தது இல்லை, மலைகூட இல்லை. கோயில்பிள்ளை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "டீச்சர், பையில இருந்து எடுக்கும்போதே பொத்தான் அமுங்கியிருக்கு. நீங்க ஓடுதுன்னு நெனச்சப்ப நின்னிருக்கு. நிறுத்திட்டேன்னு நெனச்சப்பல்லாம் ஓடியிருக்கு. புதுசா எடுக்கிறவங்க எல்லாரும் ஒருதடவ செய்யிற தப்புதான். முன்னால வெளக்கு எரியுமே, அதப் பாக்கலயா?" என்றான். விளக்கின்மேல் டேப் ஒட்டியிருந்தது.

என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஒரு காட்சி, மகளே. அந்தப் பறவைகள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "படம் போனாப் போகட்டும், நீங்க கண்ணால பாத்தீங்கல்ல? ஞானதுரையும் லிங்கராசுவும்தானே?" நான் சொன்னேன்: கண்ணாடி இல்லாமல், ஒரு குழிக்குள், நகம் அளவுக்குக் கறுப்பு வெள்ளையில் பார்த்த முகத்தைப்பற்றி நான் சத்தியம் செய்ய முடியாது.

நீ கேட்பது புரிகிறது. என்னிடம் பேசிவிட்டுப் போனவர்கள்தானே என்கிறாய். பேசிவிட்டுப் போனவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அடித்தவர்கள் யார் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இடையில் நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். இது உனக்கு விதண்டாவாதமாகத் தெரியலாம். நிச்சயம் இல்லாததை நிச்சயம் என்று சொல்லி ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது என்னால் ஆகாது.

அவன் எப்படி இருக்கிறான்? பேச்சு வரவே இல்லையா? பறவைச் சத்தம் கேட்டால் வாயை மட்டும் திறக்கிறானா. ம்.

என்ன கேட்டாய்? அவன் தூணுக்குப் பின்னால் இருக்கிறான் என்று அவர்களுக்கு யார் சொன்னது என்றா? ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். உன் தம்பி சிவனணைஞ்சான்மீது உனக்குச் சந்தேகம் என்று கேள்விப்பட்டேன். பேச்சுவார்த்தையே இல்லையாம், அவன் பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட நீ போகவில்லையாம். உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் அந்த மீன்காரரிடம் வலை இழுக்கக் கூலிக்குப் போனவன். கூலி வாங்குகிற இடத்தில் நாக்கைக் கட்டிவைக்க எல்லோராலும் முடியாது. ஒருவனை ஒளிந்திருக்கிற இடத்தில் காட்டிக்கொடுப்பது அடிப்பதைவிடக் கீழானது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்தா, கேசட். ஆனால் முன்பே சொன்னேனே, முழுவதும் தெரிந்துகொண்டு வாங்கு என்று. இதில் அன்றைய புல்லும் செருப்பும் இப்போது இல்லை. சென்ற மாதம் இதன்மேலேயே புதிதாக எடுத்துவிட்டேன். ஒன்றும் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேசட் நம் ஊரில் கிடைப்பதில்லை. அக்காள் மகன்தான் அனுப்ப வேண்டும்.

எழுந்திருக்காதே. உட்கார். ஏன் இப்படி வெளிறிப்போகிறாய்? நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் போட்டே காட்டுகிறேன். இப்போது வெள்ளை வயரையும் செருக ஆரம்பித்திருக்கிறேன். சிறகுச் சத்தம் கேட்க வேண்டும் என்று கோயில்பிள்ளை வற்புறுத்தினான். அவன் சொன்னது சரிதான். கேள்.

பார், அதே இடம். அதே மடை. இரண்டு தூண். இடையில் யாரும் இல்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார். இப்போது அந்த நாரை இறங்கும், இதோ. அசைவே இல்லை, கவனித்தாயா? பதினைந்து நாள் போய் எடுத்தது. இது சூரியன் சாய்கிற நேரம். இதுதான் கடைசிக் காட்சி. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

இது... இது பழையது. நான் எடுத்தது இதுவரைக்கும்தான் வந்திருக்கிறது; மிச்சம் அழியாமல் கிடக்கிறது. புல்தான், நான் சொன்னேனே. நிறுத்துகிறேன்.

கையை எடு, மகளே. நான் நிறுத்த வேண்டும். என் கையை விடு.

"டீச்சர், வணக்கம் டீச்சர். நான் ஞானதுரை. எட்டாப்பு பி. இவன் லிங்கராசு, எனக்கு ஒரு வருசம் கீழ. ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குனாம்லா?"

"தெரிகிறது, தெரிகிறது. ஞானதுரை, உன் அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?"

"அப்படியேதான் டீச்சர். உங்க கண்ணு?"

"இருக்கிறது."

"டீச்சர், இந்தக் கொம்பையாப் பய இந்தப் பக்கம் வந்தானா?"

"வந்தான். அதோ, வலப்பக்கத் தூணுக்குப் பின்னால், படியில் உட்கார்ந்திருக்கிறான். காலையிலிருந்து என் காட்சியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். அவனை அங்கிருந்து எழுப்பிவிட்டால் எனக்கும் உபகாரம்."

"எழுப்பிருவோம் டீச்சர். இனிமே ஒங்க படத்துல அவன் தல வராது."

என் குரல்தான். நான் வகுப்பில் பேசுகிற குரல்.

விடு. நான் நிறுத்தமாட்டேன். ஓடட்டும். இன்னும் இருக்கிறது. இது நான் கரையிலிருந்து இறங்குகிறபோது. செருப்புச் சத்தம் என்னுடையது. அது அவனுடைய மூச்சு. எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது.

"வாரோம் டீச்சர். வெயில்ல நிக்காதிய. படம் நல்லா வந்துச்சா?"

"வந்திருக்கும்."

யாரும் இல்லை என்று சொன்னேன், இல்லையா? நான் போய்ச் சேர்வதற்குள் யாரும் இல்லை என்று. இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லி வந்தேன். போலீஸிடம், கோயில்பிள்ளையிடம், போதகரிடம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஒரு வார்த்தை மாறாமல்.

இதைப் பார். இந்த இடத்தில் செம்மண் என்று சொன்னேன். நெடுநேரிக் கரை கரிசல், மகளே. அடி முதல் முடி வரை கரிசல். பூகோளம் கற்பித்தவளுக்கு அது தெரியாதா?

உன் தம்பி சொல்லவில்லை. நீ அவன் வீட்டுக்குப் போ.

முடிந்துவிட்டது. இனி வெறும் புள்ளிகள்தான். கேசட்டை வெளியே எடுக்கிறேன். இங்கே வெளிச்சத்துக்கு வா. முதுகு விளிம்பில் சிவப்பாக ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறது, தெரிகிறதா? அதை இந்தப் பக்கம் தள்ளிவிட்டால் இதன்மேல் யாராலும் எதையும் பதிய முடியாது. கோயில்பிள்ளை முதல்நாளே சொல்லிக்கொடுத்தான். யாராலும் முடியாது. என்னாலும்.

எனக்கு நகம் வழுக்குகிறது. கை ஆடுகிறது, பார். நீ தள்ளு.